ஹாலில் தொங்கும் ஸ்பீக்கர் வயர்களை மறைக்கணுமா? சுவரில் துளையிடும் முன் இதைப் படியுங்கள்

புது டிவி வந்தாச்சு. சவுண்ட் சிஸ்டமும் வந்தாச்சு. இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்த்தால் தியேட்டர் மாதிரியே இருக்கு.

காலையில் வெளிச்சம் வந்ததும்தான் தெரியும். டிவிக்குக் கீழே இடியாப்பம் மாதிரி வயர்கள்!

தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் வருவதற்குள் அதை எப்படியாவது மறைக்கணும் என்று நினைப்பீர்கள். மறைக்கத்தான் வேண்டும். வயர் தடுக்கி முதலில் விழுவது வீட்டில் உள்ள பாட்டியோ தாத்தாவோதான். ஆனால் தவறாக மறைத்த வயர், வெளியே கிடக்கும் வயரைவிட ஆபத்தானது.

வீவக வீட்டில் இருக்கும் நீங்கள் என்ன செய்யலாம்? எதைச் செய்யக் கூடாது?

முதலில் வயர்களைப் பிரியுங்கள்

சாதாரண 5.1 அமைப்பை எடுத்துக்கொள்வோம். ஐந்து ஸ்பீக்கர் வயர்கள். சப்வூஃபருக்கு ஒரு சிக்னல் கேபிள், ஒரு மின்கம்பி. டிவிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் ஆளுக்கொரு மின்கம்பி. இரண்டையும் இணைக்க ஒரு எச்டிஎம்ஐ கேபிள். மொத்தம் 10 ஆகிவிட்டது. விளையாட்டுக் கருவியை இன்னும் சேர்க்கவே இல்லை!

இந்தப் பத்தும் ஒரே வகை அல்ல.

- மின்கம்பி: சுவர் பிளக்கிலிருந்து வரும் 230 வோல்ட் ஓடுவது. தவறு நடந்தால் தீப்பிடிக்கலாம், ஷாக் அடிக்கலாம்.
- சிக்னல் கேபிள்: ஒலியையும் படத்தையும் கொண்டுசெல்வது. ஸ்பீக்கர் வயர், எச்டிஎம்ஐ, சப்வூஃபர் கேபிள் எல்லாம் இந்த வகை.

இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டாதீர்கள். மின்கம்பிக்குப் பக்கத்திலேயே நீளமாக ஓடும் சப்வூஃபர் கேபிள், மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வைப் பிடித்துக்கொள்ளலாம். படம் அமைதியாக இருக்கும் நேரத்தில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் கேட்கும். இரண்டும் ஓர் இடத்தில் சந்தித்தே ஆகணும் என்றால், கூட்டல் குறி போலக் குறுக்காகக் கடக்கட்டும்.

சுவரை வெட்டி உள்ளே விடலாமா?

இணையக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். சுவரில் ஓட்டை போடுவார்கள், வயரை மேலே விட்டுக் கீழே இழுப்பார்கள், அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். பெரும்பாலும் அது அமெரிக்க வீடு. மரச் சட்டத்தின் மேல் அட்டைப் பலகை அடித்த சுவர். உள்ளே வெற்றிடம் இருக்கும்.

நம் வீட்டுச் சுவரில் அந்த வசதி கிடையாது. பல சுவர்கள் கம்பி வைத்துக் கட்டிய கான்கிரீட். கட்டடத்தைத் தாங்கும் அந்தச் சுவர்களிலும் தூண்களிலும் வயருக்காகப் பள்ளம் வெட்ட வீவக அனுமதிப்பதில்லை. ஏன்? உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி வெளியே தெரிந்தால் துருப்பிடிக்கும். உங்கள் வீட்டுச் சுவர், மேல்மாடிக்காரரையும் சேர்த்தே தாங்குகிறது.

பாம் ஷெல்டர் சுவரில் இன்னும் கவனம் தேவை. சில வீடுகளில் டிவி மாட்டுவதற்குத் தோதான சுவரே அதுதான்! அதில் பள்ளம் வெட்டவோ, வயர் விட ஊடுருவித் துளைக்கவோ கூடாது. சாதாரணத் திருகு போடுவதற்கே சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் விதிமுறைகள் உள்ளன. முதலில் அவற்றைப் பாருங்கள்.

எடை தாங்காத தடுப்புச் சுவராக இருந்தால் வாய்ப்பு உண்டு. அதையும் வீவக பட்டியலில் உள்ள புதுப்பிப்புக் குத்தகையாளர் மூலம் செய்யுங்கள். இரைச்சல் தரும் ஹேக்கிங் வேலைக்கு வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 மணி வரைதான் அனுமதி.

டிவிக்குப் பின்னால் புதிய பிளக் பாயிண்ட் வேணுமா? அது உரிமம் பெற்ற மின்சாரப் பணியாளரின் வேலை. 'நண்பனுக்கு வயரிங் தெரியும்' என்பது இங்கே செல்லாது.

வாடகை வீடு என்றால், ஒரு துளை போடுவதற்கு முன்பும் உரிமையாளரிடம் கேட்டுவிடுங்கள்.

வெட்டாமல் மறைக்க வழி உண்டு

- டிரங்கிங்: ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் குழாய்ச் சட்டம். ஒட்டலாம், சுவர் நிறத்திலேயே பெயிண்ட் அடிக்கலாம். தரைக்கும் சுவருக்கும் இடையே உள்ள ஸ்கர்ட்டிங் ஓரமாக ஓட்டினால் கண்ணில் படாது.
- டிவி பின்பலகை: சுவருக்கு முன்னால் பலகை அடித்து, நடுவில் இடைவெளி விடுவது. வயர் அந்த இடைவெளியில் இறங்கும். சுவருக்கு எந்தச் சேதமும் இல்லை.
- ஃபால்ஸ் சீலிங்: புதுப்பிப்பு வேலையின்போதே திட்டமிட்டால், பின்பக்க ஸ்பீக்கர் வயர்களை மேலே கொண்டுபோகலாம். பிறகு நினைத்தால் செலவு அதிகம்.

கம்பளத்துக்கு அடியில் விடலாமே என்று தோன்றும். வேண்டாம். ஆள் நடக்க நடக்க வயரின் உறை தேயும். தேய்வது வெளியே தெரியவும் தெரியாது.

எவ்வளவு வயர் வாங்கணும்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டிவியிலிருந்து சோபாவுக்கு நேர்க்கோட்டில் 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஓரமாகப் போனால் டிவி சுவரில் 2 மீட்டர், பக்கச் சுவரில் 4 மீட்டர், ஏற்ற இறக்கத்துக்கு 2 மீட்டர். அதாவது 8 மீட்டர். நீங்கள் நினைத்ததைப்போல இரண்டு மடங்கு!

நீளம் கூடினால் வயரின் மின்தடையும் கூடும். ஆனால் பயப்பட வேண்டாம். 16 கேஜ் செம்பு வயரில் 8 மீட்டருக்குப் போய்த் திரும்பும் தடை சுமார் 0.2 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 3 விழுக்காட்டுக்கும் குறைவு. 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும் என்பது பொதுவான கணக்கு. விலை உயர்ந்த வயர் தேவையில்லை. ஸ்பீக்கர் 4 ஓம் என்றாலோ தூரம் அதிகம் என்றாலோ, தடிமன் கூடிய 14 கேஜ் வாங்குங்கள். கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமனாகும். அதை மறந்துவிடாதீர்கள்.

எச்டிஎம்ஐ கதை வேறு. 5 மீட்டரைத் தாண்டினால் சாதாரணச் செம்புக் கேபிளில் படம் விட்டுவிட்டு வரலாம். அந்த நீளத்துக்கு ஒளியிழை வகை நல்லது. அதற்கு ஒரு முனை டிவிக்கு, மறுமுனை கருவிக்கு என்று திசை உண்டு. மாற்றிப் போட்டு மூடிவிட்டால் எல்லாவற்றையும் மறுபடியும் பிரிக்க வேண்டியதுதான்!

எதை மறைக்கவே கூடாது?

எக்ஸ்டென்ஷன் பெட்டியை. வீடுகளில் தீ மூள்வதற்கு மின்சாரக் கோளாறு முக்கியக் காரணங்களில் ஒன்று. காற்றுப் புகாத அலமாரிக்குள் அடைத்த பெட்டி சூடானாலும் உங்களுக்குத் தெரியாது.

13 ஆம்பியர் பிளக் ஒன்று சுமார் 3,000 வாட் வரைதான் தாங்கும். டிவியும் சவுண்ட் சிஸ்டமும் சாதாரணமாக அந்த அளவைத் தொடாது. அதே பெட்டியில் மின்கேத்தலோ இஸ்திரிப் பெட்டியோ சேரும்போதுதான் வம்பு.

- ஓர் எக்ஸ்டென்ஷனில் இன்னோர் எக்ஸ்டென்ஷனைச் செருகாதீர்கள்.
- மிச்சமுள்ள மின்கம்பியை இறுக்கமாகச் சுருட்டிக் கட்டாதீர்கள். சூடு உள்ளேயே தங்கிவிடும்.
- பாதுகாப்பு முத்திரை உள்ள பிளக், அடாப்டர்களை மட்டும் வாங்குங்கள்.
- ஆம்ப்ளிஃபயரின் மேலேயும் பின்னாலேயும் காற்றோட்டத்துக்கு இடம் விடுங்கள்.

வயர்லெஸ் ஸ்பீக்கர் வாங்கிவிட்டால் தொல்லை விட்டதா?

பாதி விட்டது. சிக்னலுக்குத்தான் வயர் இல்லை. பேட்டரி இல்லாத ஸ்பீக்கருக்கு மின்சாரம் வேணுமே! சோபாவுக்குப் பின்னால் பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால், ஆபத்து குறைந்த ஸ்பீக்கர் வயருக்குப் பதில் 230 வோல்ட் எக்ஸ்டென்ஷனைத்தான் ஹால் முழுக்க இழுப்பீர்கள்.

மூடும் முன் 10 நிமிடம்

1. ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள்: 'முன் இடம்', 'பின் வலம்'.
2. சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு இணைந்துள்ளதா என்று பாருங்கள். ஒரு ஸ்பீக்கரில் மாறிவிட்டால் அடியொலி மெலிந்துவிடும்.
3. எல்லா ஸ்பீக்கரிலும் ஒலி வருகிறதா என்று ஒரு பாட்டுப் போட்டுக் கேளுங்கள்.
4. இரு முனையிலும் கொஞ்சம் வயரைக் கூடுதலாக விடுங்கள்.
5. டிரங்கிங் உள்ளே ஒரு நூலையும் சேர்த்து விடுங்கள். நாளைக்குப் புது வயர் இழுக்க உதவும்.
6. கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். எந்த வயர் எங்கே போகிறது என்பது அடுத்த ஆண்டு உங்களுக்கே மறந்துவிடும்.

துளையிடும்போது சுவிட்ச், பிளக் பாயிண்டுகளுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் தவிர்த்துவிடுங்கள். மின்கம்பிகள் பெரும்பாலும் அந்த வழியில்தான் சுவருக்குள் ஓடும்.

அப்புறம் மாதம் ஒருமுறை பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறதா? கருகிய வாடை வருகிறதா? உடனே சுவிட்சை அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற மின்சாரப் பணியாளரை அழையுங்கள். வயர்கள் கண்ணில் படாமல் இருக்கலாம். கவனத்தில் இருக்க வேண்டும்.