புலனாய்வுத்துறையும் கணக்குக் காட்ட வேண்டும்

2019 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் எமது ஊர்ப் பள்ளிவாசலுக்கு சிவில் உடையில் இருவர் வந்தனர். நிர்வாகிகளின் பெயர், தொலைபேசி இலக்கம், வெளியூரிலிருந்து வரும் ஜமாஅத்தினரின் விபரம் எல்லாவற்றையும் எழுதிச் சென்றனர். நானும் அங்கிருந்தேன். எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறீர்கள், இந்தப் பட்டியல் யாரிடம் போகும் என்று எம்மில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே எமக்குத் தெரிந்திருக்கவில்லை.

இதே நிலைமை நியூயோர்க் முஸ்லிம்களுக்கும் ஏற்பட்டது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின்னர் அந்நகரப் பொலிஸார் 'டெமோகிராபிக்ஸ் யுனிட்' என்ற இரகசியப் பிரிவொன்றை அமைத்தனர். பள்ளிவாசல்கள், ஹோட்டல்கள், கடைகள், மாணவர் சங்கங்கள் என எங்கும் அவர்களின் ஆட்கள் காதுகொடுத்துக் கொண்டிருந்தனர். 2011 இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்கள் இதை அம்பலப்படுத்தினர். மறுவருடம், பொலிஸ் புலனாய்வுப் பிரிவின் உயரதிகாரி தோமஸ் கலாட்டி சத்தியம் செய்து வாக்குமூலமளித்தார். தனது பதவிக்காலத்தில் அந்தப் பிரிவு திரட்டிய தகவல் எதுவும் ஒரு பயங்கரவாத விசாரணைக்கேனும் வழிவகுக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். 2014 இல் அது கலைக்கப்பட்டது.

அத்தோடு விடயம் முடிந்துவிடவில்லை. கண்காணிப்புக் கருவிகள் பற்றிய விபரங்களைப் பொலிஸார் வெளியிட வேண்டும் என்ற சட்டமூலம் 2017 இல் நகர சபைக்கு வந்தது. பாதுகாப்புக்குப் பாதகம் என்று பொலிஸ் தரப்பு எதிர்த்தது. ஆனாலும் 2020 ஜூனில் அது பெரும்பான்மை வாக்குகளால் நிறைவேறியது. எந்தக் கருவியையும் அச்சட்டம் தடை செய்யவில்லை. புதிய கருவியொன்றைப் பாவிப்பதற்கு 90 நாட்களுக்கு முன்னர் அதன் நோக்கம், விதிகள், தரவுகளை யாருடன் பகிர்வார்கள் என்பவற்றை வெளியிட வேண்டும். பொதுமக்கள் கருத்துச் சொல்ல 45 நாட்கள் வழங்க வேண்டும். சுயாதீன பரிசோதகர் வருடாவருடம் ஆராய வேண்டும். இவ்வளவுதான். பொலிஸார் வெளியிட்ட ஆவணங்கள் பொத்தாம்பொதுவானவை என்று பின்னர் அந்தப் பரிசோதகரே குறைகூறினார். ஆனால் குறைகூற ஒருவர் இருந்தார் என்பதே முக்கியம்.

எமது நாட்டில் நடந்தது என்ன? உயிர்த்த ஞாயிறு தாக்குதல் பற்றிய முன்னெச்சரிக்கை 2019 ஏப்ரல் 4 ஆம் திகதியே புலனாய்வுத்துறைக்குக் கிடைத்திருந்தது. எனினும் 21 ஆம் திகதி 250 இற்கும் அதிகமான உயிர்கள் பறிபோயின. எச்சரிக்கை யாருடைய மேசையில் தேங்கியது என்பதைப் பாராளுமன்றத் தெரிவுக்குழு விசாரித்தது, எல்லாம் நடந்து முடிந்த பிறகு. கடமை தவறியவர்கள் நட்டஈடு செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 ஜனவரியில்.

எனவே புலனாய்வே வேண்டாம் என்பதல்ல எனது வாதம். ஒழுங்கான புலனாய்வு இருந்திருந்தால் அந்த உயிர்களும் எஞ்சியிருக்கும், அதன் பின்னர் எமது சமூகம் சுமந்த பழியும் குறைந்திருக்கும். கணக்குக் கேட்க ஆளில்லாத இடத்தில் அப்பாவிகளின் பட்டியல் நீள்கிறது. அவசியமான எச்சரிக்கை கிடப்பில் கிடக்கிறது. இரண்டும் ஒரே நோயின் அறிகுறிகள்.

அழிவுக்குப் பிறகு கூடும் தெரிவுக்குழு போதாது. புலனாய்வு அமைப்புகளின் அதிகாரத்தையும் எல்லையையும் சொல்லும் சட்டமும், எதிர்க்கட்சியினரும் அமர்ந்து வருடந்தோறும் கேள்வி கேட்கும் நிரந்தரக் குழுவும் வேண்டும். எமது பாராளுமன்ற உறுப்பினர்களிடம் நாம் இதைக் கேட்க வேண்டும்.

அதுவரை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் எமது கையில் இருக்கிறது. தேசிய பாதுகாப்பைக் காட்டி மறுக்க அதில் இடமுண்டு. ஆனால் மறுப்பதென்றால் காரணம் சொல்ல வேண்டும். அதற்கெதிராக ஆணைக்குழு வரை மேன்முறையீடு செய்யலாம். அடுத்த முறை எமது பள்ளிவாசலில் பெயர்ப் பட்டியல் கேட்டால், கொடுப்பதற்கு முன்னர் மரியாதையாக ஒரு கேள்வியாவது கேட்போம்.