பாட்டரியின் மேல் சுமத்தப்படும் பழி

அலுவலகத்துக்குப் புறப்படும் வேளையில் சாவியைத் திருப்பியும் செல்ஃப் எடுக்காமல் ‘டிக் டிக்’ என்ற சப்தம் மட்டும் எழுமானால், நம்மில் பெரும்பாலோர் அக்கணமே பாட்டரிக்கு ஆயுள் முடிந்துவிட்டதென்று நிச்சயித்து, மாலைக்குள் பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதியதொன்றை வாங்கி மாட்டிவிடுகிறோம். புதிய பாட்டரியும் இரண்டொரு நாளில் அதே கதிக்கு ஆளாகும்போதுதான், தோஷம் வேறெங்கோ இருந்திருக்கிறது என்பது விளங்குகிறது. பரீக்ஷித்த பிறகு செலவு செய்வதற்கு மாறாகச் செலவு செய்து பரீக்ஷிக்கும் இவ்வழக்கம் மாற வேண்டும்.

1912ஆம் ஆண்டில், சார்லஸ் கெட்டரிங் வகுத்த மின்சார ஸ்டார்ட்டருடன் காடிலாக் கார் வெளிவந்து, கைப்பிடியைச் சுழற்றி இஞ்சினைக் கிளப்பும் சிரமத்தையும் அபாயத்தையும் நீக்கிற்று. அன்று முதல் பாட்டரி சக்தியின் களஞ்சியமாயிற்று. அக்களஞ்சியத்தை நிரப்பும் பொறுப்பை முதலில் டைனமோவும், 1960ஆம் ஆண்டு மாடலான கிரைஸ்லர் வேலியன்ட் காருக்குப் பின்னர் படிப்படியாக ஆல்டர்னேட்டரும் ஏற்றன. இஞ்சின் மந்தகதியில் ஓடும்போதும் போதிய மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டரின் விசேஷம். ஃபேன் பெல்ட்டினால் சுழலும் அது உண்டாக்கும் மாறுதிசை மின்சாரத்தை டயோடுகள் நேர்திசையாக்க, ரெகுலேட்டர் அதன் அளவை வரம்புக்குள் நிறுத்துகிறது. இவற்றுள் எது பழுதுபட்டாலும், பழி விழுவது பாட்டரியின் மேல்தான்.

ஆகவே பரீக்ஷையை, காசு செலவில்லாத கண்பார்வையிலிருந்து தொடங்குவதே விவேகம். பெல்ட் தளர்ந்தோ வெடித்தோ இருக்கிறதா, டெர்மினல்களில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருக்கிறதா, எர்த் வயர் இறுக்கமாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். பின்பு, வண்டி சில மணி நேரம் ஓய்ந்திருந்த நிலையில் மல்டிமீட்டரை வைத்தால், நன்கு சார்ஜ் ஏறிய பாட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும், 12.2 எனில் பாதியே மிச்சம். சார்ஜ் முழுமையாக இருந்தும், செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் ஒன்பதுக்கும் கீழே சரியுமானால், அப்போது பாட்டரியைக் குற்றவாளி என்று கருதுவதில் நியாயம் உண்டு.

இனி, இஞ்சினை ஓடவிட்டு, விளக்குகளையும் போட்டு, மறுபடி அளக்க வேண்டும். அநேக வண்டிகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருப்பது ஆரோக்கியம். பழைய 12.6-ஐ விட்டு அது ஏறவேயில்லையென்றால் சார்ஜ் வரவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்து பாட்டரியை வேகவைக்கிறது. ஆல்டர்னேட்டரின் முனையில் 14.2 இருந்து பாட்டரியின் முனையில் 13.2 மட்டுமே இருக்குமானால், அந்த ஒரு வோல்ட்டை இடைவழியில் விழுங்குவது துருப்பிடித்த இணைப்போ நைந்த வயரோதான். ஆல்டர்னேட்டரைக் கழற்றுவது அநாவசியம். அங்கேயே வோல்ட் குறைந்திருந்தால் மட்டும், தேய்ந்த கார்பன் பிரஷ்ஷையும், ரெகுலேட்டரையும், டயோடுகளையும் சந்தேகிக்கலாம். பல வண்டிகளில், டாஷ்போர்டிலுள்ள சார்ஜ் விளக்கின் பல்பு எரிந்துபோனாலே ஆல்டர்னேட்டர் விழித்தெழாது என்பதையும் மறக்கலாகாது.

பகலெல்லாம் நன்றாக ஓடி, இரவு நின்ற வண்டி காலையில் மட்டும் அடம்பிடிக்குமானால், இரகசியமாக மின்சாரம் கசிகிறது. எல்லாவற்றையும் அணைத்துச் சற்றுப் பொறுத்து, எர்த் டெர்மினலுக்கும் அதன் வயருக்கும் இடையே ஆம்பியர் மீட்டரை இணைத்தால், சாதாரணமாக 50 மில்லி ஆம்பியருக்குள் அடங்க வேண்டும். மிகுந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து, எதை எடுக்கையில் முள் இறங்குகிறதென்று கவனித்தால் திருடன் அகப்படுவான். எந்த ஃபியூஸுக்கும் இறங்காவிடில், கெட்ட டயோடு ஒன்றே ஆல்டர்னேட்டர் வழியாகக் கசிவை உண்டாக்கியிருக்கலாம்.

இஞ்சின் ஓடும்போதே பாட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய பழக்கத்தை மட்டும் ஒருபோதும் அனுமதிக்கலாகாது. அதனால் திடீரென்று பொங்கும் மின்னழுத்தம் டயோடுகளையும், இக்காலத்து வண்டியின் கணினியையும் பாழாக்கவல்லது. சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து எழும் ஹைட்ரஜன் வாயு தீப்பொறி பட்டால் வெடிக்கும் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

புதிய பாட்டரி வேண்டும் என்று சொல்லும் மெக்கானிக்கிடம், ஓய்விலும் ஓட்டத்திலும் செல்ஃப் அடிக்கையிலும் வோல்ட் எவ்வளவு என்று மரியாதையாகக் கேளுங்கள். அம்மூன்று எண்களையும் அளந்து சொல்பவர் கைதேர்ந்த தொழிலாளி. அவர் கேட்கும் கூலியைத் தாராளமாகக் கொடுக்கலாம்.