லண்டன்ல பிறந்தாலே பிரிட்டிஷ் குடியுரிமை கிடைச்சிடுமா? பெற்றோர் தெரிஞ்சுக்க வேண்டிய தேதிக் கணக்கு!

"அக்கா பையன் லண்டன்லதான் பிறந்தான். அப்போ அவன் பிரிட்டிஷ் சிட்டிசன்தானே?" யாராவது இப்படிக் கேட்டா, யோசிக்காம 'ஆமா'ன்னு சொல்லிடுவோம். அமெரிக்காவுல பிறந்த குழந்தைகளைப் பத்திக் கேட்டுக் கேட்டுப் பழகினதால வர்ற குழப்பம் இது. பிரிட்டன்ல கதையே வேற.

ஒருகாலத்துல பிரிட்டன் மண்ணுல பிறந்தாலே போதும்னுதான் இருந்தது. 1981-ல் கொண்டுவரப்பட்ட பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டம், 1983 ஜனவரி 1-ம் தேதி நடைமுறைக்கு வந்ததும் அந்த விதி மாறிடுச்சு. அன்றிலிருந்து, குழந்தை பிறந்த நாளில் அம்மா அல்லது அப்பா, இருவரில் ஒருவராவது பிரிட்டிஷ் குடிமகனாக இருக்கணும். இல்லைன்னா அங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி வெச்சிருக்கணும். இந்த அனுமதியைத்தான் அங்கே இருக்கிற நம்ம ஆட்கள் 'ஐ.எல்.ஆர்'னு சுருக்கமா சொல்றாங்க.

வொர்க் விசாவில் பிரிட்டன் போயிருக்கீங்களா? போகப் போறீங்களா? இந்தக் கணக்கு உங்களுக்குத்தான்.

ஒரே வீடு... மூணு குழந்தை... மூணு விதி!

புரியறதுக்காக ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கலாம். கோயம்புத்தூரைச் சேர்ந்த தம்பதி. மூத்தவள் நிலா 2016-ல் கோவையில் பிறந்தாள். 2018-ல் ஐ.டி வேலைக்காகக் குடும்பத்தோடு லண்டன் போறாங்க. 2020-ல் கவின் அங்கே பிறக்கிறான். 2023-ல் பெற்றோருக்கு ஐ.எல்.ஆர் கிடைக்குது. 2024-ல் யாழினி பிறக்கிறாள்.

யாழினி: பிறந்த அந்த நொடியிலேயே பிரிட்டிஷ் குடிமகள். குடியுரிமைக்குன்னு எந்த விண்ணப்பமும் வேண்டாம். பிறப்புச் சான்றிதழையும், அவள் பிறந்த தேதிக்கு முன்பே பெற்றோருக்கு ஐ.எல்.ஆர் இருந்ததற்கான ஆதாரத்தையும் வெச்சு நேரா பாஸ்போர்ட்டுக்குப் போகலாம். அதுக்கான கட்டணம் 100 பவுண்டுக்கும் குறைவு. இது தெரியாம குடியுரிமைப் பதிவுக்கு விண்ணப்பிச்சா, ஏற்கெனவே கையில இருக்கிற ஒண்ணுக்காகப் பெரிய தொகை கட்ட வேண்டியிருக்கும்.

கவின்: பிறந்தது லண்டன் ஆஸ்பத்திரியில்தான். ஆனா, அன்னிக்கு அப்பா அம்மா ரெண்டு பேருமே விசாவில் இருந்தாங்க. அதனால் அவன் பிறப்பால் பிரிட்டிஷ் கிடையாது. பெற்றோருக்கு ஐ.எல்.ஆர் வந்த நாளில்தான் அவனுக்குப் பதிவு செய்துகொள்ளும் உரிமை வருது. இதுக்கான படிவத்தின் பெயர் எம்.என்.1.

பலர் தவறவிடுற ரெண்டு விஷயம் இங்கேதான் இருக்கு. ஒண்ணு, பெற்றோரில் ஒருவருக்கு ஐ.எல்.ஆர் கிடைச்சாலே போதும். இன்னொருவருக்குக் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ரெண்டாவது, கவினுக்குத் தனியா ஐ.எல்.ஆர் எடுக்கணும்னு அவசியமே இல்லை. 2025 ஏப்ரல் நிலவரப்படி ஐ.எல்.ஆர் கட்டணம் ஒரு ஆளுக்கு 3,029 பவுண்டு. குடும்பத்தோட சேர்த்து அவனுக்கும் அதைக் கட்டிட்டு, அப்புறம் குடியுரிமைப் பதிவுக்கும் கட்டுறவங்க இருக்காங்க. ஆனா, பதிவு முடிஞ்சு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வரும் முன்னாடி ஊருக்கு வந்துட்டுப் போகணும்னா, திரும்ப நுழைய அவனோட விசா உயிரோட இருக்கணும். டிக்கெட் போடும் முன்னாடி அதைப் பார்த்துக்கோங்க.

நிலா: கோவையில் பிறந்தவள் என்பதால் கவினுக்கு இருக்கிற உரிமை இவளுக்கு இல்லை. அவளுக்கும் எம்.என்.1 படிவம்தான். ஆனா, முடிவு ஹோம் ஆபீஸ் கையில். பெற்றோரின் குடியுரிமை நிலை என்ன, குழந்தையின் எதிர்காலம் பிரிட்டனில்தானா என்றெல்லாம் பார்ப்பாங்க. அதனால் இவளுக்கு ஐ.எல்.ஆர் எடுத்துட்டு, பெற்றோர் தங்களுக்குக் குடியுரிமை கேட்கும்போது இவளுக்கும் சேர்த்து விண்ணப்பிப்பதுதான் வழக்கமான பாதை. படிவமும் கட்டணமும் தனித்தனி.

ஐ.எல்.ஆரே கிடைக்கலைன்னா?

அதுக்கும் ஒரு வழி இருக்கு. பிரிட்டனில் பிறந்த குழந்தை, முதல் 10 வருஷமும் அங்கேயே வளர்ந்திருந்தா, பெற்றோரின் விசா நிலை எதுவாக இருந்தாலும் குடியுரிமைப் பதிவு கேட்கலாம். இதுக்கு 'டி' படிவம். நிபந்தனை ஒண்ணுதான்: அந்த 10 வருஷத்தில் எந்த ஒரு வருஷத்திலும் 90 நாளுக்கு மேல் நாட்டை விட்டு வெளியே இருந்திருக்கக் கூடாது. விசேஷக் காரணம் இருந்தால் அதிகாரிகள் தளர்த்தலாம். ஆனா, அதை நம்பித் திட்டம் போட முடியாது.

கோடை லீவுக்கு ஆறு வாரம் பாட்டி வீட்டுக்கு வந்துட்டுப் போறது பிரச்னையே இல்லை. ரெண்டாவது பிரசவத்துக்கு அம்மா ஊருக்கு வந்து, மூத்த பிள்ளையையும் கூட்டிட்டு வந்து ஆறு மாசம் தங்குறது, 'கொஞ்ச நாள் நம்ம ஊர் ஸ்கூல்ல படிக்கட்டுமே'ன்னு தாத்தா வீட்டில் விட்டுட்டுப் போறது... இதெல்லாம்தான் கணக்கை உடைக்கும்.

இந்த 10 வருஷ வழி இப்போ இன்னும் முக்கியமாகுது. வேலை விசாவில் போனவர்கள் ஐந்து வருஷத்தில் ஐ.எல்.ஆர் கேட்கலாம் என்பதுதான் இதுவரை பழகிய கணக்கு. அதைப் பொதுவாக 10 வருஷமாக்கும் திட்டத்தை 2025 மே மாதம் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் பிரிட்டன் அரசு முன்வெச்சது. பெற்றோரின் காத்திருப்பு நீண்டால், குழந்தையின் பத்தாவது பிறந்த நாள் முதலில் வந்துடலாம். அதனால் அங்கே பிறந்த குழந்தையின் பயணத் தேதிகளை இப்போதிருந்தே ஒரு நோட்டில் எழுதி வையுங்க.

பத்தும் பதினெட்டும்!

'பெரியவனானதும் பார்த்துக்கலாம்'னு தள்ளிப்போடுறவங்க ரெண்டு வயசை நினைவுல வெச்சுக்கணும்.

10 வயதுக்குப் பிறகு விண்ணப்பித்தால் 'நன்னடத்தை'யும் சோதிக்கப்படும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது சிக்கலில்லை. போலீஸ் வழக்கு எதிலாவது சிக்கியிருந்தால் தலைவலி.

18 வயது இன்னும் முக்கியம். எம்.என்.1 வழி மைனர்களுக்கானது. கவின் 18-வது பிறந்த நாளுக்கு முன் விண்ணப்பிக்கலைன்னா, பெற்றோரின் ஐ.எல்.ஆரை வெச்சு வந்த அந்த உரிமை போயிடும். 'டி' படிவத்துக்கு மேல்வயது வரம்பு இல்லை என்பதால், 10 வருஷ ஆதாரம் இருந்தால் தப்பிக்கலாம். நிலாவுக்கு அந்த வழியும் கிடையாது. பெரியவர்களைப் போல 'லைஃப் இன் தி யு.கே' தேர்வு, ஆங்கிலத் தேர்வு எல்லாம் எழுதணும். 18 வயசுக்குள்ள என்றால் இந்தத் தேர்வு எதுவும் கிடையாது.

என்னென்ன கையில் இருக்கணும்?

* பெற்றோர் பெயருடன் கூடிய முழுப் பிறப்புச் சான்றிதழ். குழந்தையின் பெயர், பிறந்த தேதி மட்டும் இருக்கும் சின்ன சான்றிதழ் போதாது.
* குழந்தையின் பாஸ்போர்ட், பெற்றோரின் பாஸ்போர்ட், ஐ.எல்.ஆர் ஆதாரம், திருமணச் சான்றிதழ்.
* இரண்டு பரிந்துரையாளர்கள். ஒருவர் டீச்சர், டாக்டர் போல, தன் பணி மூலமா குழந்தையை அறிந்தவர். இருவருமே உறவினராக இருக்கக் கூடாது.
* 10 வருஷ வழி என்றால், பள்ளிக் கடிதங்கள், டாக்டர் பதிவுகள், பிறந்ததும் கொடுக்கிற சிவப்பு நிற மருத்துவக் குறிப்பேடு. தடுப்பூசித் தேதி ஒவ்வொண்ணும் அன்னிக்குக் குழந்தை அங்கே இருந்ததற்கான சாட்சி. ஆகவே, அந்த 'ரெட் புக்'கை வீடு மாறும்போது தொலைச்சுடாதீங்க.

விண்ணப்பித்ததும் பயோமெட்ரிக் பதிவு இருக்கும். 5 வயசுக்குள் இருந்தால் போட்டோ மட்டும்தான், கைரேகை இல்லை. பொதுவாக ஆறு மாதத்துக்குள் பதில் வந்துடும்.

அந்த ஆயிரம் பவுண்டு சர்ச்சை

குழந்தைகளுக்கான பதிவுக் கட்டணம் 2025-ல் 1,214 பவுண்டு. கட்டணங்கள் அடிக்கடி மாறும் என்பதால், பணம் கட்டுற அன்னிக்கு அரசு இணையதளத்தில் ஒருமுறை பார்த்துடுங்க. இந்தத் தொகை நீதிமன்றம் வரை போனது. கட்டணம் 1,012 பவுண்டாக இருந்தபோது, ஒரு விண்ணப்பத்தைப் பரிசீலிக்க அரசுக்கு ஆன செலவு 372 பவுண்டுதான். குழந்தைகளின் நலனை யோசிக்காமல் கட்டணம் வைத்தது தவறு என 2019-ல் உயர் நீதிமன்றம் சொல்ல, 2021-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இவ்வளவு வசூலிக்க அரசுக்கு அதிகாரமே இல்லை என்ற வாதத்தை மட்டும் 2022-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கலை. ஆனா, அதே வருஷம் ஜூன் முதல், கட்ட வசதியில்லாத குடும்பங்கள் கட்டண விலக்கு கேட்கலாம் என்ற விதி வந்தது. குடும்பத்தின் வரவு செலவைக் காட்டணும்.

இன்னொண்ணு... 'நான் பார்த்துக்கிறேன்'னு வாட்ஸ்அப்பில் வர்ற ஏஜென்ட்டுகளிடம் உஷார். அங்கே குடியேற்ற ஆலோசனை சொல்ல, வழக்கறிஞராகவோ முறைப்படி பதிவு செய்தவராகவோ இருக்கணும். இல்லைன்னா அது குற்றம்.

ஊர்ப் பக்கம் என்ன ஆகும்?

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. கவின் பிரிட்டிஷ் குடிமகன் ஆனதும், இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைச்சு சரண்டர் சான்றிதழ் வாங்கணும். அதை அப்புறமும் பயணத்துக்குப் பயன்படுத்துவது சட்டப்படி தவறு. பிறகு ஓ.சி.ஐ கார்டு எடுத்தால், விசா இல்லாமல் ஊருக்கு வந்து போகலாம். ஆனா ஓட்டுரிமை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. இலங்கை இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்குது. அது தானாக வராது, தனியாக விண்ணப்பிக்கணும்.

எனவே, இது பாஸ்போர்ட் கலர் மாற்றுற விஷயம் மட்டும் இல்லை. வீட்டில் உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு. விவரம் தெரிந்த வயசுப் பிள்ளை என்றால் அவங்ககிட்டயும் கேளுங்க.

பேசும் முன்னாடி ரெண்டு பேப்பரை எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வையுங்க. ஒண்ணு, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ். இன்னொண்ணு, உங்க ஐ.எல்.ஆர் கிடைத்த தேதி. எந்தத் தேதி முதலில் வருதுன்னு பார்த்தாலே, உங்க பிள்ளை யாழினியா, கவினா என்பது தெரிஞ்சிடும்!