பெரும்பான்மை: ஆங்கில மிகுதிச் சொற்கள் பற்றிய ஓர் ஆய்வு

மிகுதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் பல இன்று தமிழிற் பெயர்க்கப்பட்டு வழங்குகின்றன. அவற்றுள் 'மெஜாரிட்டி' என்பதற்கு நேராகப் 'பெரும்பான்மை' என்னும் சொல்லைக் கொண்டுள்ளோம். சட்டம், தேர்தல், அவை நடைமுறை ஆகிய மூன்றினும் ஆட்சி பெற்ற இச்சொல், ஆங்கிலச் சொல்லின் பொருள் வேறுபாடுகள் அனைத்தையும் ஒருங்கே தாங்குமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

மிகுதிச் சொற்களை வரையறை உடையன, வரையறை இல்லன என இருவகைப்படுத்தலாம். ஆயிரம், கோடி முதலியன முன்னவை. பல, மிக்க முதலியன பின்னவை. ஆயினும் இவற்றின் எல்லை என்றும் நிலையாக நிற்பதன்று. கிரேக்கத்திற் பதினாயிரம் என்னும் எண்ணைக் குறித்த சொல், ஆங்கிலத்தில் 'மிரியட்' எனப் புகுந்து, எண்ணிறந்தவை என்னும் பொருளில் வழங்கலாயிற்று. 'மில்லியன்' என்பதோ இத்தாலியத்திற் 'பேராயிரம்' என்னும் பொருள்பட அமைந்து, பத்து இலட்சம் என்னும் வரையறை பெற்றது. 'பில்லியன்' நெடுங்காலம் பிரிட்டனில் இலட்சம் கோடியையும் அமெரிக்காவில் நூறு கோடியையும் குறித்தது. 1974-இற்றான் பிரிட்டிஷ் அரசு தன் புள்ளிவிவரங்களுக்கு அமெரிக்க வழக்கை மேற்கொண்டது. தமிழிலும் தாமரை, வெள்ளம், ஆம்பல் என்பன எண்ணுப் பெயர்களாக நின்றமையைத் தொல்காப்பிய எழுத்ததிகார உரைகள் காட்டுகின்றன.

இனி, 'மெஜாரிட்டி' என்பதை நோக்குவாம். இதன் அடிச்சொல் 'மேலும் பெரிய' எனப் பொருள்படும் இலத்தீன் உறழ்ச்சிச் சொல்லாகும். உறழ்ச்சி இரண்டனிடையே நிகழ்வது. ஒரு தொகை இரண்டாகப் பிரிந்தவிடத்து, இரண்டும் ஒத்தல் இன்றேல், பெரிய கூறு பாதிக்கு மேற்பட்டே தீரும். ஆகவே 'பெரிய கூறு' என்பதும் 'பாதிக்கு மேற்பட்டது' என்பதும் ஆண்டு ஒன்றே. மூன்றும் அதற்கு மேலுமாகப் பிரியுங்கால் இவ்வொற்றுமை குலைகின்றது. பெரிய கூறு பாதியை எட்டாமலும் நிற்றல் கூடும். இந்நிலையைச் சுட்டவே அமெரிக்கர் 'புளூராலிட்டி' என்னும் தனிச்சொல்லை ஆள்கின்றனர்.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதற்கு 1824-ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் சான்றாகும். தேர்வாளர் வாக்குகள் 261. அவற்றுள் ஆண்ட்ரூ ஜாக்சன் 99, ஜான் குவின்சி ஆடம்ஸ் 84, கிராஃபோர்டு 41, கிளே 37 பெற்றனர். ஜாக்சன் ஏனையோர் ஒவ்வொருவரினும் மிகுதியாகப் பெற்றாரெனினும், வேண்டப்பட்ட 131-ஐ எய்தவில்லை. எனவே தெரிவு பிரதிநிதிகள் அவைக்குச் சென்றது. 1825-இல் அவ்வவை ஆடம்ஸையே தெரிந்தெடுத்தது. ஒரு சொல்லின் பொருள் வரையறையே ஆட்சியை ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்கு மாற்றியது எனலாம்.

'மோஸ்ட்' என்னும் சொல்லிலும் இம்மயக்கம் உண்டு. சுட்டிடைச்சொல் முன்வரின் 'யாவரினும் மிகுதி' என்றும், வாராவிடின் 'பாதிக்கு மேல்' என்றும் பொருள்படுதல் பெருவழக்கு. அத்தகைய இடைச்சொல் தமிழில் இன்மையின், இரண்டனையும் 'பெரும்பாலான' என்றே பெயர்ப்பார் உளர், அது பிழைபடும். பிரிட்டனிலோ வென்றவர் அடுத்தவரினும் மிகுதியாகப் பெற்ற வாக்குகளின் தொகையும் 'மெஜாரிட்டி' எனப்படும். ஆங்கு ஒருவர் 'மெஜாரிட்டி ஐயாயிரம்' என்றால், அது அவர் பெற்ற வாக்குத் தொகை அன்று. இருவர்க்கும் உள்ள வேறுபாடேயாம்.

தமிழ்ச் சொல்லின் இயல்பும் ஈண்டு நோக்கற்பாலது. 'பால்' என்பது பிரிவைக் குறிப்பது. பெரும்பான்மை, சிறுபான்மை என்பன அவ்வடியிற் பிறந்த இணைச் சொற்கள். நச்சினார்க்கினியர் முதலிய உரையாசிரியர்கள் வழக்கின் மிகுதியையும் அருகலையும் உணர்த்த இவற்றை ஆண்டனர். அவர்கள் எண்ணிக் கூறினாரல்லர். ஒன்று பெருக வரும், மற்றொன்று அருகி வரும் என்பதே அவர்தம் கருத்து. ஆகவே இச்சொல்லும் இருகூற்றுப் பகுப்பிற் பிறந்ததே. அதனால்தான் பலகூற்றுப் பகுப்பில் ஆளுங்கால் ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ந்த மயக்கமே இதற்கும் நேர்கின்றது. அவையில் முதலிடம் பெற்றும் பாதியைக் கடவாத 'தனிப்பெருங்கட்சி'யைத் 'தனிப்பெரும்பான்மை' பெற்றதாகக் கூறுதல் இம்மயக்கத்தின் விளைவு.

மயக்கம் நீங்கும் வழி தமிழின் தொடரமைப்பிலேயே உளது. ஆங்கிலத்திற்போல உறழ்ச்சி காட்டும் சொல்லீறு தமிழில் இல்லை. 'எதனினும்' என உறழப்படும் பொருளைக் கூறுதலே நம் மரபு. ஆதலின் பெயர்ப்போர் 'எதனினும் பெரிது?' என வினவிக்கொள்ளல் வேண்டும். ஏனைய அனைத்தும் கூடியதினும் பெரிதாயின் அது பெரும்பான்மை. ஏனைய ஒவ்வொன்றினும் மட்டும் பெரிதாயின் அதனை 'முந்துதொகை' எனலாம். அடுத்ததினும் எவ்வளவு பெரிது என்னும் அளவினை 'வாக்குமிகை' எனலாம். பின்னிரண்டும் யாம் கருதும் பெயர்கள். இவற்றினும் சிறந்தன கிடைப்பின் கொள்க.

எத்தொகையிற் பாதி என்பதும் உடன் கூறப்படல் வேண்டும். இந்திய அரசமைப்பின் 368-ஆம் பிரிவு, திருத்தத்திற்கு இரண்டு வரம்புகளை வகுக்கின்றது: அவையின் மொத்த உறுப்பினருட் பாதிக்கு மேற்பட்டோர் இசைவு ஒன்று, வந்திருந்து வாக்களிப்போருள் மூன்றில் இரு பங்கிற்குக் குறையாதோர் இசைவு மற்றொன்று. 543 உறுப்பினர் கொண்ட மக்களவையில் 390 பேர் வாக்களித்து 260 பேர் இசைவரெனின், இரண்டாம் வரம்பு நிறைவுறும்; 272 வேண்டும் முதல் வரம்பு நிறைவுறாது. வெறுமனே 'மூன்றில் இரு பங்குப் பெரும்பான்மை' எனப் பெயர்த்தல் இவ்வேறுபாட்டை மறைத்துவிடும்.

1970-ஆம் ஆண்டு மன்னர் மானிய ஒழிப்புத் திருத்தம் மாநிலங்களவையில் வாக்கெடுப்பிற்கு வந்தது. இசைந்தோர் 149; மறுத்தோர் 75. வாக்களித்த 224 பேரில் மூன்றில் இரு பங்கு 149-உம் மூன்றிலொன்றும் ஆகும். ஒரு வாக்கின் மூன்றிலொரு கூறு குறைந்தமையால் அத்திருத்தம் வீழ்ந்தது. மானியம் 1971-இற்றான் ஒழிந்தது. இசைந்தோர் மறுத்தோரினும் ஏறத்தாழ இரு மடங்கினர். ஆயினும் சட்டம் வேண்டிய பெரும்பான்மை அஃதன்று. இத்துணை நுண்ணிய அளவைச் சுமக்கும் சொல்லை, அளவு கூறாது பெயர்த்தல் தகாது என்பதே எம் துணிபு.