விடை காணாத வழக்கு

1962ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்திற் கிடைக்கவேண்டியிருந்த சம்பள ஏற்றம் கோடீஸ்வரன் என்னும் அரசாங்க இலிகிதருக்குக் கிடைக்கவில்லை. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் அவர் சித்தியெய்தியிருக்கவில்லை என்பதே காரணம். ஓர் இலிகிதரின் சம்பள ஏற்றம் என்ன பெருந்தொகையா என்று நாம் எண்ணலாம். ஆனால், அத்தொகைக்காக அவர் தொடுத்த வழக்கு நம் நாட்டு அரசியல் யாப்பின் அடித்தளத்தையே தொட்டது.

அந்நாளில் நடைமுறையிலிருந்தது சோல்பரி யாப்பு. பாராளுமன்றம் எவ்வாறு அமையும், மந்திரிசபை யாருக்குப் பொறுப்புக் கூறும் என்பனவற்றை அது விரிவாக வகுத்தது. இன்றுள்ளது போன்ற அடிப்படை உரிமைகள் பட்டியல் அதில் இருக்கவில்லை. சிறுபான்மையினர் பெரிதும் நம்பியிருந்தது அதன் 29ஆம் பிரிவையே. ஓர் இனத்தவர்க்கோ மதத்தவர்க்கோ மட்டும் சலுகையளிக்கின்ற, அல்லது அவர்க்கு மட்டும் குறை விளைக்கின்ற சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கலாகாது. ஆக்கினால் அது செல்லாது என்பது அப்பிரிவின் சாரம்.

அந்நம்பிக்கை ஏற்கனவே ஒருமுறை பொய்த்திருந்தது. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் பிரஜாவுரிமையும் வாக்குரிமையும் இழந்த மலைநாட்டுத் தமிழருக்காக இப்பிரிவு எடுத்துக் காட்டப்பட்டபோது, அக்காலத்தில் நமது இறுதி மேன்முறையீட்டு மன்றமாயிருந்த இலண்டன் கோமறைக் கழகம் 1953இல் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது.

எனினும் கோடீஸ்வரன் வழக்கில் 1964ஆம் ஆண்டு கொழும்பு மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிரெற்சர், 1956ஆம் ஆண்டின் அரச கரும மொழிச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணானது, ஆகவே செல்லாது எனத் தீர்ப்பளித்தார். பாராளுமன்றம் பெரும்பான்மையோடு நிறைவேற்றிய சட்டத்தை ஒரு மாவட்ட நீதிமன்றம் யாப்பின் பெயரால் மறித்தது! அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. சம்பளத்துக்காக அரசாங்க ஊழியர் அரசின்மீது வழக்குத் தொடர இயலாது என்று 1967இல் உயர் நீதிமன்றம் கூறியது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற வினாவை அது தீர்க்கவில்லை. வழக்குத் தொடரலாம் என்று 1969இல் கோமறைக் கழகம் தீர்த்து, எஞ்சிய அவ்வினாவை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பியனுப்பியது.

அவ்வினாவுக்குத் தீர்ப்பு எழுதப்படவேயில்லை. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 மே 22ஆம் நாள் புதிய யாப்பு வந்தது. 29ஆம் பிரிவு அதில் இல்லை. அடிப்படை உரிமைகளுக்கு இடமளித்த அந்த யாப்பே, நிறைவேறிய சட்டங்களின் செல்லுபடியை நீதிமன்றங்கள் ஆராய்வதையும் விலக்கியது. ஒரு கையாற் கொடுத்ததை மறுகையால் இறுக்கிப் பிடித்தது போல!

1978ஆம் ஆண்டின் யாப்பு மேலும் சிறிது இடங்கொடுக்கிறது. இனம், மதம், மொழி, சாதி, பால் முதலியன காரணமாக அரச அதிகாரி ஒருவர் நமக்குப் பாரபட்சம் காட்டினால், ஒரு மாத காலத்துள் உயர் நீதிமன்றத்துக்கு நேரே மனுச் செய்யலாம். மாணவர்கள் இந்த ஒரு மாத எல்லையை மறவாதிருத்தல் நன்று. சட்டமூலம் ஒன்றை, அது நிறைவேறுமுன், உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கவும் வழியுண்டு. நிறைவேறிச் சபாநாயகரின் சான்று பெற்றபின் அச்சட்டம் செல்லுமா எனக் கேட்க எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரமில்லை. 1964இல் ஒரு மாவட்ட நீதிபதி கேட்ட கேள்வியை இன்று உயர் நீதிமன்றமும் கேட்க இயலாது.