முட்டிச் சுளுக்கு என்று நீவிக்கொண்டிருப்பவர்களுக்கு

மாடிப்படியில் கால் தவறுகிறது. விழாமல் சமாளிக்கும்போது முட்டிக்கு மேலே 'பட்'டென்று ஒரு சத்தம். வீங்கிய காலைச் சுளுக்கு என்று நீவி, எண்ணெய்க் கட்டுப் போட்டு, ஒரு மாதம் கழித்து என்னிடம் வருகிறார்கள். பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள். சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களும் உண்டு. படுக்கவைத்து, முட்டியை மடக்காமல் காலைத் தூக்கச் சொன்னால் தூக்க முடிவதில்லை. தொடைத்தசையை முட்டிச் சில்லோடு பிணைக்கும் தசைநாண் அறுந்திருக்கிறது. முதல் இரண்டு வாரத்துக்குள் வந்திருந்தால் நேராகத் தைத்திருக்கலாம். நாளானால் தசை மேலே சுருங்கிவிடும். முனைகளை இழுத்துச் சேர்ப்பதே பெரும்பாடு.

நம்பிக் கெடுவது

"எக்ஸ்ரேல எலும்பு நல்லாத்தான் இருக்குன்னாங்க டாக்டர்" என்பார்கள். எக்ஸ்ரே எலும்பைத்தான் நன்றாகக் காட்டும். தசைநாண் அறுந்ததற்கு, சில்லு இடம் மாறியிருப்பது போன்ற ஜாடைதான் அதில் கிடைக்கும். காலை விறைப்பாக வைத்துச் சிலர் நடந்தும் விடுகிறார்கள். நடக்க முடிகிறது என்பது நல்ல சேதி இல்லை.

முட்டி வலி என்றாலே தேய்மானம் என்பது இன்னொரு நம்பிக்கை. முட்டியின் உள்பக்கம், மூட்டுக்குச் சுமார் 5 செ.மீ. கீழே தொட்டால் வலிக்கிறதா? மூன்று தசைநாண்கள் எலும்பில் சேரும் இடம் அது; வலி தேய்மானத்தால் அல்லாமல் அங்கிருந்தே வரலாம். படியேறும்போது வலிக்கும், நடுவயதுப் பெண்களுக்கு அதிகம். மூட்டை மாற்றச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்திலேயே வராமல் இருந்துவிடுகிறார்கள். பெரும்பாலோருக்கு உடற்பயிற்சியும் எடைக்குறைப்புமே போதும்.

10 முதல் 15 வயதுக்குள் ஓடியாடும் பிள்ளைகளுக்கு முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பதுண்டு. வளரும் எலும்பைத் தசைநாண் இழுப்பதால் வருவது அது. எலும்பு நகர்ந்துவிட்டது என்று அதை அழுத்தி உள்ளே தள்ளப் பார்ப்பது கொடுமை. ஆனால் இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலியோ காய்ச்சலோ இருந்தால் தாமதிக்காதீர்கள்.

கடையில் வாங்கும் மாத்திரை

வலி மாத்திரையான டைக்ளோஃபெனாக்கை மிட்டாய் போல விழுங்கி, வயிற்றில் புண்ணோடும் பழுதான சிறுநீரகத்தோடும் வருபவர்களைப் பார்த்தால் ஆற்றாமையாக இருக்கிறது. யார் எழுதினார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. சிறுநீர்க் கடுப்புக்குப் பழைய சீட்டைக் காட்டி வாங்கும் சிப்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் தசைநாணையே நலிவடையச் செய்யலாம். 2008-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்குக் கடும் எச்சரிக்கை விதித்தது. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல்.

பரிசோதனை

தேவைப்பட்டால் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ.; நல்ல தசைநாண் எம்.ஆர்.ஐ.யில் கருத்த பட்டையாகத் தெரியும், கிழிந்த இடம் வெளுத்திருக்கும்.

கெஞ்சிக் கேட்கிறேன்

வீங்கிய முட்டியை யாரிடமும் நீவக் கொடுக்காதீர்கள். காலை நேராகத் தூக்க முடியாவிட்டால் அன்றைக்கே வாருங்கள்.

கபடி, வாலிபால் பயிற்சியாளர்களே, முட்டிச் சில்லின் கீழ்முனையில் வலிக்கிறது என்று சொல்லும் பையனுக்கு வலி ஊசி போட்டு ஆட வைக்காதீர்கள். மாதக்கணக்கில் முடக்கியும் போடாதீர்கள். குதிப்பதைக் குறைத்து, தொடைத்தசைக்குப் படிப்படியாகச் சுமை ஏற்றும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் கொடுங்கள். மூன்று மாதம்கூட ஆகும். அந்த மூன்று மாதத்தை அவனுக்குக் கொடுங்கள்.