நழுவுவதற்கென்றே ஒரு கிளட்ச்

தூண்டில் போடும் நண்பர்களுக்கு இது தெரிந்த விஷயம். தூண்டில் ரீலில் ஒரு சிறிய திருகு இருக்கும். பெரிய மீன் சிக்கி அளவுக்கு மீறி இழுத்தால், நூல் அறுந்துவிடாமல் தானாக அவிழும்படி அதை முன்கூட்டியே திருகி வைப்பார்கள். கிள்ளான் துறைமுகம் போன்ற இடங்களில் கொள்கலன் தூக்கும் பாரந்தூக்கிகளிலும் இதே தத்துவத்தைக் காணலாம். அங்கே நூலுக்குப் பதிலாக ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் ஓடும் தடித்த மின்வடம்.

பாரந்தூக்கி தண்டவாளத்தில் நகர்கிறது. மின் இணைப்போ தரையில் ஒரே இடத்தில் இருக்கிறது. எனவே பாரந்தூக்கி விலகிச் செல்லும்போது ரீலிலிருந்து வடம் அவிழ வேண்டும், நெருங்கும்போது சுற்றிக்கொள்ள வேண்டும். சுற்றுவதற்கு ஒரு மோட்டார். இதில் என்ன சிக்கல் என்ற வினா எழலாம். நிமிடத்திற்கு 45 மீட்டர் வேகத்தில் பாரந்தூக்கி வருவதாகக் கொள்வோம். ரீலில் வடம் குறைவாக இருந்து ஆரம் 0.5 மீட்டராக இருந்தால் ரீல் நிமிடத்திற்கு 14 முறை சுற்ற வேண்டும். நிரம்பி 1 மீட்டரானால் 7 முறை போதும். ஒரே வேகத்தில் ஓடும் மோட்டாரை நேரடியாகப் பூட்டினால் வடம் ஒன்று அறுந்துபோகும் அல்லது தொய்ந்து தண்டவாளத்தில் விழும்.

ஆகவே மோட்டாருக்கும் ரீலுக்கும் நடுவே உராய்வு கிளட்ச் வைக்கிறார்கள். மோட்டார் பக்கம் ஒரு தட்டு, ரீல் பக்கம் ஒரு தட்டு, இடையில் உராய்வுப் பட்டை. இவற்றை ஸ்பிரிங் அழுத்திப் பிடிக்கிறது. ஒரு நட்டைத் திருகி அந்த அழுத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். குறிப்பிட்ட முறுக்குவிசை வரை இரு தட்டுகளும் சேர்ந்தே சுழலும், அதைத் தாண்டினால் நழுவும். காரில் கிளட்ச் நழுவினால் பட்டறைக்கு அனுப்புவோம். இங்கே நழுவாவிட்டால்தான் அனுப்ப வேண்டும்!

உராய்வு விசை (தமிழ்ப்பள்ளியில் உராய்வு, இடைநிலைப்பள்ளியில் அதுவே கெசெரான் ஆனது) அழுத்தும் விசையையும் பரப்பின் தன்மையையும் பொறுத்தது, வேகத்தை அதிகம் சார்ந்ததன்று. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பொறியாளர் கூலும் சோதித்துக் கண்டது இது. அதனால் எந்த வேகத்தில் நழுவினாலும் முறுக்குவிசை ஏறக்குறைய மாறாது. வடம் அவிழும்போதும் மோட்டார் சுற்றும் திசையிலேயே ஓடுகிறது. பாரந்தூக்கி ரீலை எதிர்த்திசையில் இழுக்க, கிளட்ச் நழுவிக்கொண்டே வடத்தை விறைப்பாக வைத்திருக்கிறது.

இதற்கு விலை வெப்பம். ரீலின் அச்சில் முறுக்குவிசை 600 நியூட்டன் மீட்டர், மோட்டார் பக்கத் தட்டு நிமிடத்திற்கு 15 சுற்று என்று வைத்துக்கொள்வோம். ரீல் 14 சுற்றில் வடத்தைச் சுற்றும்போது நழுவுவது 1 சுற்று மட்டுமே. வெப்பம் சுமார் 63 வாட். அதே வேகத்தில் அவிழும்போது 15ம் 14ம் சேர்ந்து 29 சுற்று. வெப்பம் சுமார் 1,800 வாட். ஏறத்தாழ ஒரு மின்கேத்தல்! அவிழும்போதுதான் கிளட்ச் அதிகம் வாடுகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

இனி நட்டுக்கு வருவோம். இழுவிசை என்பது முறுக்குவிசையை ஆரத்தால் வகுத்தது. அதே 600 நியூட்டன் மீட்டர், நிரம்பிய ரீலில் 600 நியூட்டனும் காலியாகும் ரீலில் 1,200 நியூட்டனும் தரும். மீட்டருக்கு 6 கிலோ எடையுள்ள வடம் 8 மீட்டர் தொங்கினால் அதைத் தாங்கவே சுமார் 470 நியூட்டன் தேவை. ஆகவே கீழ் எல்லையை ரீல் நிரம்பிய நிலையிலும், வடத்தின் தயாரிப்பாளர் அனுமதிக்கும் மேல் எல்லையை ரீல் காலியாகும் நிலையிலும் பார்க்க வேண்டும்.

பட்டை தேயத் தேய ஸ்பிரிங் நீண்டு அழுத்தம் குறையும். அப்போது நட்டை இறுக்குவது சரியே. ஆனால் வடம் தொய்வதற்குப் பட்டையில் பட்ட எண்ணெயும் காரணமாகலாம், சிக்கிக்கொண்ட வழிகாட்டி உருளையும் காரணமாகலாம். அதைப் பாராமல் நிரம்பிய ரீலின் அருகே நின்று தொய்வு மறையும்வரை இறுக்கினால், இங்கே கூடும் ஒவ்வொரு 100 நியூட்டனும் தண்டவாளத்தின் மறுமுனையில் 200 ஆகிறது. உருளை ஒருநாள் விடுபட்டாலோ எண்ணெய் காய்ந்தாலோ முழு விசையும் வடத்தின் மீதே விழும். அதனால்தான் நட்டைத் தொட்ட பிறகு இரு முனைகளிலும் இழுவிசையை அளந்து பார்க்க வேண்டும்.